312,000 கிலோமீட்டர் ஓடிய கெம்பாராவும் என் மூவாயிரம் வெள்ளியும்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடி மாதம். கேரித் தீவில் அம்மா பிறந்து வளர்ந்த தோட்டத்துக் கோயில் திருவிழா. லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியபோதே மழை பிடித்துக்கொண்டது. தார் ரோடு முடிந்து செம்பனைக் காட்டுக்குள் செம்மண் கொட்டிய ரோடு ஆரம்பித்து ஒரு கிலோமீட்டர்கூட ஆகவில்லை, என் மைவியின் வயிறு நடு மேட்டில் உட்கார்ந்துவிட்டது. மேலே செம்மண், அடியில் கடலோரக் களிமண். சக்கரம் சுற்றுகிறது, காடி நகரவில்லை.

பழக்குலை ஏற்ற வந்த டிராக்டர்காரத் தம்பிகள் இறங்கித் தள்ளினார்கள். அம்மாவின் ஒரு செருப்பை களிமண் விழுங்கிவிட்டது. ஒற்றைச் செருப்போடு அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அடுத்த வருஷம் நான் நடந்தே வந்துக்கிறேன்யா. நீ காடிய வீட்டுல வெச்சுப் பூ போட்டுக் கும்பிடு."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கதை.

நான் இருப்பது தெலுக் பங்லிமா காராங். கிள்ளானிலிருந்து பந்திங் போகும் ஐந்தாம் எண் கூட்டரசு சாலையில் இருக்கும் ஊர். மலாயில் பெயருக்குப் பொருள் 'முரட்டுத் தளபதியின் விரிகுடா'. இப்போது இங்கே முரட்டுத்தனம் காட்டுவது துறைமுகத்துக்கு ஓடும் கொள்கலன் லோரிகள்தான். ஊர்ப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் எனக்கு டெக்னீஷியன் வேலை. வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகளின் டியூஷன், மைவிக்கு இன்னும் மூன்று வருஷத் தவணை. புது எஸ்யூவி என்றால் ஒன்பது வருஷக் கடன் எழுத வேண்டும். ஒன்பது வருஷத்தில் என் மகள் கல்லூரியே முடித்துவிடுவாள்.

கையில் இருந்தது போனஸ் காசு. வாங்க 4,500 வெள்ளி, சரிசெய்ய 3,000 வெள்ளி என்று பிரித்து வைத்தேன். அந்தக் காசுக்கு நாலு சக்கரமும் இழுக்கிற காடி இந்த நாட்டில் பெரோடுவா கெம்பாராவை விட்டால் வேறு அதிகம் இல்லை.

யார் இந்தக் கெம்பாரா?

இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கஞ்சில் காடியோடு 1994இல் ரோட்டுக்கு வந்த பெரோடுவா, 1998இல் இறக்கியது கெம்பாரா. மலேசியாவில் தயாரான முதல் எஸ்யூவி என்ற பெயர் இதற்குத்தான். டைஹாட்சு தெரியோஸ்தான் மூலம். அது ஜப்பானில் 1997இல் வந்தது. 1.3 லிட்டர் எஞ்சின். ஆள் ஒல்லி, கால் உயரம். ஆனால் எப்போதும் நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும். நடு டிஃபரென்ஷியலை லாக் செய்ய ஒரு பொத்தானும் உண்டு. 2003இல் முகத்தை மாற்றி, டிவிவிடி எஞ்சின் வைத்தார்கள். 2008இல் நௌட்டிக்கா அந்த இடத்துக்கு வந்தது. கெம்பாரா என்றால் மலாயில் ஊர் சுற்றுவது. பொருத்தமான பெயர்.

பழைய எஞ்சினுக்கும் டிவிவிடி எஞ்சினுக்கும் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வித்தியாசம் உண்டு. பழையதில் டைமிங் பெல்ட், அதாவது ரப்பர். புதியதில் டைமிங் செயின், இரும்பு. இந்த ரப்பர், இரும்பு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலைக்கு ஆகும்.

எனக்குக் கிடைத்தது 2001ஆம் வருஷத்துக் காடி, ஐந்து கியர் மேனுவல். பந்திங்கில் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவரின் வீட்டில், கூரைக்கு அடியில் நின்றது. மீட்டர் 312,000 காட்டியது. பூமியை ஏறக்குறைய எட்டுத் தடவை சுற்றிய தூரம்.

"இவ்வளவு ஓடியிருக்கே மாமா?"

"நிக்க வெச்ச காடிதான் தம்பி கெட்டுப்போகும். இது ஒரு நாள் நின்னதில்ல."

அவர் சொன்னதை நம்பினேன். ஆனாலும் மூன்று சோதனை செய்தேன். முதலாவது, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா, கிள்ளான் பக்கமெல்லாம் எத்தனை காடி முழுகியது என்று நமக்குத் தெரியும். முழுகிய காடிக்கு மேலே பாலிஷ் போடலாம், கம்பளத்தை மாற்றலாம். ஆனால் சுருளின் உள்ளே கிடக்கும் பெல்ட்டை யாரும் கழுவுவதில்லை. சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். இதில் கோடு இல்லை. இரண்டாவது, கம்பளத்தைத் தூக்கித் தரையைப் பார்த்தேன். டிரைவர் காலடியில் ஐம்பது சென் காசு அளவுக்கு ஓட்டை, துரு. கடல்காற்று ஊரில் இது எதிர்பார்த்ததுதான். மூன்றாவது, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தது.

அந்த மூன்றாவது சோதனையின் பதிலை நான் கண்ணால் பார்த்தும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓட்டையைக் காட்டி முந்நூறு வெள்ளி குறைத்துவிட்டேன் என்ற சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. பாடாங் ஜாவா புஸ்பாகோமில் பெயர் மாற்றச் சோதனை முடித்து, ஜேபிஜேயில் கைரேகை வைத்து, வயதான காடிக்கு மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் எடுத்து, நெற்றியில் விபூதி வைத்து வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

ஜெஞ்சாரோம் சிக்னலில் வந்த ஆவி

ஒரு வாரம் நன்றாகத்தான் ஓடியது. அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஜெஞ்சாரோம் சிக்னலில் லோரி வரிசைக்கு நடுவே நிற்கும்போது சூட்டு ஊசி மேலே ஏறியது. பானெட் ஓரத்தில் ஆவி. டோ லோரிக்கு 120 வெள்ளி.

முதலில் போன வொர்க்‌ஷாப்பின் பெயர் வேண்டாம். பானெட்டைத் திறந்து, ஒரு முறை உறுமவிட்டு, "ஹெட் கேஸ்கெட் போச்சு. டாப் ஓவர்ஹால் பண்ணணும், 1,800 வரும்" என்றார்கள். எதையும் அளந்து பார்க்கவில்லை. நான் யோசிக்கிறேன் என்றதும் "இப்போதைக்கு" என்று பிளக்குகளை மாற்றி, ரேடியேட்டரில் ஏதோ மருந்து ஊற்றி 180 வெள்ளி வாங்கினார்கள். மூன்றே நாளில் மறுபடி ஊசி ஏறியது. என்னுடைய மொத்த மூவாயிரத்தில் 1,800 போனால் பிரேக்குக்கு என்ன செய்வது, டயருக்கு என்ன செய்வது? அன்று ராத்திரி காடியை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

தொழிற்சாலையில் நான் தினமும் செய்யும் வேலையே பழுதைக் கண்டுபிடிப்பதுதான். மிஷின் நின்றால் முதலில் மீட்டரை எடுப்பேன், ஸ்பேனரை அல்ல. சொந்தக் காடி என்றதும் அந்தப் புத்தி எங்கே போனது என்று வெட்கமாக இருந்தது.

கூட வேலை செய்யும் ஒருவர் ஒரு போமன் அண்ணனிடம் அனுப்பினார். கம்போங் ஓரத்தில் வீட்டுக்குப் பக்கத்திலேயே தகரக் கூரை, இரண்டு காடி நிறுத்துகிற அளவுக்குச் சிமெண்டுத் தரை. அவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே விடவில்லை. ரேடியேட்டர் வாயில் மூடிக்குப் பதிலாக, முள் வைத்த ஒரு சின்னக் கைப்பம்ப்பை மாட்டினார். அழுத்தினார். முள் ஏறி நின்றது. பிறகு மெல்ல, கடிகாரத்துப் பெரிய முள் மாதிரி, கீழே இறங்க ஆரம்பித்தது. அவர் டார்ச்சோடு குனிந்து, கீழ்க் குழாயின் கிளிப் ஓரத்தை விரலால் தொட்டு எனக்குக் காட்டினார். விரல் நுனியில் ஒரு துளி, துரு நிறத்தில்.

"ஒன்னு இங்க. இப்ப மூடிய டெஸ்ட் பண்ணுவோம்."

மூடியை அதே பம்ப்பில் மாட்டினார். முள் அசையவே இல்லை, ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது. இதை உங்கள் வீட்டு அடுப்படியில் வைத்துப் பாருங்கள். பிரஷர் குக்கரின் வெயிட்டை எடுத்துவிட்டால் தண்ணீர் நூறு டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். வெயிட் போட்டால்தான் அதைத் தாண்டும். ரேடியேட்டர் மூடியும் வெயிட்தான். 0.9 பார் அழுத்தம் பிடித்து நிறுத்தினால் தண்ணீர் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. பதினைந்து வெள்ளி மூடி செத்ததால், சிக்னலில் நிற்கும் காடி குழம்புச்சட்டி ஆகிவிட்டது.

அடுத்து பிளக்குகளைக் கழற்றி நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பார்த்தார். நாலும் ஏறக்குறைய ஒரே அளவு. எஞ்சின் எண்ணெயில் பால் நிறம் இல்லை. ரேடியேட்டரில் குமிழி இல்லை. "ஹெட் நல்லாத்தான் இருக்கு. யாரு சொன்னா போச்சுன்னு?"

நான் சொல்லவில்லை.

கடைசியாகத் தெர்மோஸ்டாட் கூட்டைத் திறந்தார். உள்ளே காலி. நம் ஊரில் இது பழைய பழக்கம்: 'இந்த வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு' என்று பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். எஞ்சின் சரியான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறிப்பதுதான் அதன் வேலை. அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் தேவைக்கு மேல் குளிர்ந்து, பெட்ரோலை அதிகம் குடித்து, உள்ளே தேய்மானமும் கூடும். அதோடு இத்தனை வருஷம் பைப்புத் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். கூலண்ட் என்பது பனி விழுகிற ஊருக்கு மட்டும் என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். நமக்கு அதில் வேண்டியது துருவைத் தடுக்கும் மருந்து. அது இல்லாமல் உள்ளே துரு ஊறி, ரேடியேட்டரின் மெல்லிய குழல்களில் பாதி அடைத்துக்கொண்டது. பந்திங்கில் நான் பார்த்த காப்பித் தண்ணீர் இதைத்தான் சொல்லியிருக்கிறது.

புது ரேடியேட்டர், மூடி, தெர்மோஸ்டாட், மேல் கீழ் குழாய்கள், கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 470 வெள்ளி. 1,800 எங்கே, 470 எங்கே.

எது முதலில்?

அன்று சாயங்காலம் அண்ணன் ஒரு சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்து, அதன் பின்பக்கம் மூன்று வரி எழுதிக் கொடுத்தார். சூடாகக் கூடாது. நிற்க வேண்டும். நேராகப் போக வேண்டும். "இந்த மூனும் முடியிற வரைக்கும் வேற எதுக்கும் ஒரு காசு எடுக்காத தம்பி. பெயிண்டு, ரிம்மு, ரேடியோ எல்லாம் நாலாவது."

முதல் வரியோடு சேர்ந்தது டைமிங் பெல்ட். எப்போது மாற்றியது என்று கிராணி மாமாவுக்கே நினைவில்லை. நினைவில்லை என்றால் மாற்றவில்லை என்றுதான் கணக்கு. ஓடும்போது அது அறுந்தால் எஞ்சின் அந்த இடத்திலேயே நிற்கும்; லோரிகள் பறக்கும் ஐந்தாம் எண் சாலையில் எனக்கு அந்த விளையாட்டு வேண்டாம். முன்பக்கம் ஒரு தடவை பிரித்தால் கூலி ஒன்றுதான் என்பதால், தண்ணீர் பம்ப்பையும் ஆயில் சீல்களையும் சேர்த்தே மாற்றினோம். 340. முடித்ததும் அண்ணன் பானெட்டின் உள்பக்கம் வெள்ளைப் பெயிண்டால் கிலோமீட்டரை எழுதினார். இனி யார் வாங்கினாலும் நினைவில்லை என்று சொல்ல முடியாது.

இரண்டாவது வரி, பிரேக். முன்னால் டிஸ்க் பேட், பின்னால் டிரம் ஷூ, ஒழுகிக்கொண்டிருந்த இரண்டு வீல் சிலிண்டர், புது பிரேக் எண்ணெய். பழைய எண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துக் காட்டினார், கருப்பட்டித் தண்ணீர் மாதிரி. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் இறக்கத்தில் சூடேறி உள்ளேயே கொதிக்கும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். 310 வெள்ளி.

மூன்றாவது வரியில்தான் பெரிய செலவு. டயர். முன்னால் இரண்டு ஓரளவு புதுசு, பின்னால் இரண்டு மொட்டை. 'இரண்டு வாங்கினால் போதுமே' என்று நான் கணக்குப் போட்டேன். சாதாரணக் காடிக்குச் சரி. எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கிற காடிக்கு ஆகாது. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு. அதே தூரத்துக்கு அது அதிகமாகச் சுற்றும். முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றினால் அந்த வித்தியாசத்தையெல்லாம் நடு டிஃபரென்ஷியல் ராப்பகலாகத் தின்ன வேண்டும். ஆக, நாலும் ஒரே அளவு, ஒரே வகை, ஒரே நேரத்தில். 205/70ஆர்15 நாலு டயர், பாலன்ஸ், அலைன்மெண்ட் உட்பட 760 வெள்ளி. டயர் கடையில் 'புதுசு' என்று காட்டினாலும் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் படியுங்கள். 3224 என்றால் 2024ஆம் வருஷத்தின் 32ஆவது வாரம் செய்தது. எனக்கு முதலில் எடுத்து வந்த நாலில் ஒன்றுக்கு ஐந்து வயது. மாற்றித் தரச் சொன்னேன், தந்தார்கள்.

பொட்டோங் கடையில் ஒரு பாடம்

டயருக்குப் பிறகும் ரோட்டில் சின்ன மேடு வந்தால் காடியின் பின்பக்கம் இடுப்பை ஆட்டியது. முன் ஆர்ம் புஷ், பின் அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கிற கம்பியின் புஷ், அப்சோர்பர் எல்லாமே களைத்துவிட்டன. ஆல்டர்னேட்டரும் சார்ஜ் குறைவு. இதற்கெல்லாம் கிள்ளான் பக்கம் ஒரு பொட்டோங் கடைக்குப் போனேன்.

பார்க்காதவர்களுக்காக: பொட்டோங் என்றால் வெட்டு. ஜப்பானில் காடிக்குக் கட்டாயச் சோதனை உண்டு. புதுக் காடிக்கு முதல் மூன்று வருஷத்திலும், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும். செலவு அதிகம் என்பதால் நல்ல நிலையிலேயே பலர் காடியைக் கழித்துவிடுகிறார்கள். அதை முன்பாதி, பின்பாதி என்று வெட்டி, காடியாக இல்லாமல் உதிரிப்பாகமாக இங்கே இறக்குகிறார்கள். அதுதான் ஹாஃப் கட். தகரக் கொட்டகைக்குள் மூக்கு மட்டும் இருக்கிற காடிகள் மூன்று மாடி அடுக்கில் நிற்கும். தெரியோஸின் மூக்கு கெம்பாராவுக்கு அண்ணன் தம்பி உறவு.

இந்தக் கடைகளுக்கும் என் மாதிரி ஆட்களுக்கும் 2009இல் ஒரு கண்டம் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? அந்த வருஷம் அக்டோபரில் அரசாங்கம் புதுப்பித்த தேசிய வாகனக் கொள்கையில், 15 வருஷத்துக்கு மேலான காடிகளுக்கு ரோட் டெக்ஸ் புதுப்பிக்கும்போதெல்லாம் கட்டாயச் சோதனை என்றார்கள். 2011 ஜூனிலிருந்து பழைய உதிரிப்பாக இறக்குமதிக்குத் தடை என்றும் இருந்தது. அதே வருஷம் பத்து வயதுக் காடியைக் கொடுத்துவிட்டுப் புது புரோட்டோன், பெரோடுவா வாங்கினால் 5,000 வெள்ளி தள்ளுபடித் திட்டமும் ஓடியது. மக்கள் போட்ட சத்தத்தில் கட்டாயச் சோதனையை நவம்பரிலேயே கைவிட்டார்கள். உதிரிப்பாகத் தடையும் நடைமுறைக்கு வரவில்லை. சாலைப் பாதுகாப்புக்கு அந்தச் சோதனை நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் பிரேக் எண்ணெய் மாற்றக் காசில்லாதவனிடம் புதுக் காடி வாங்கச் சொல்வது பதில் ஆகாது.

கடைக்கு வருவோம். சீனத் தவ்கே, எழுபது வயது இருக்கும், சிங்லெட் போட்டுக் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தார். என் பட்டியலை வாங்கிப் படித்தார். ஆல்டர்னேட்டர், பக்கக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி மூன்றுக்கும் டிக் போட்டார். புஷ், சிவி பூட், அப்சோர்பர் மூன்றையும் பேனாவால் அடித்தார்.

"பெசி போலே, கெத்தா ஜாங்கான்."

இரும்பு வாங்கலாம், ரப்பர் வேண்டாம். அப்சோர்பர் இரும்புதானே என்றேன். அதை எடுத்து வந்து தண்டை அழுத்திக் காட்டினார். கீழே போனது, திரும்பி வரவே இல்லை. உள்ளே எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பது ரப்பர் சீல்தான். காடி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் தன் வயதைக் கணக்குப் பண்ணிக்கொண்டே இருக்கும். இருபது வருஷம் கொட்டகையில் தூங்கிய ரப்பர் எனக்கு எதற்கு? விற்றால் அவருக்குத்தான் லாபம், அவரே வேண்டாம் என்கிறார். ஆல்டர்னேட்டரை மேசையில் மாட்டிச் சுற்றவிட்டு 14 வோல்ட் காட்டிய பிறகுதான் காசு வாங்கினார். மூன்றும் சேர்த்து 205.

புஷ், பூட் எல்லாம் புதிதாக உதிரிப்பாகக் கடையில் வாங்கி மாட்ட 290. நாலு அப்சோர்பர் புதிது, 440. பொட்டோங் அப்சோர்பருக்கு இருநூறு கொடுத்துவிட்டு ஆறு மாதத்தில் மறுபடி 440 கொடுத்திருப்பேன்.

எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர், முன் பின் டிஃப் எல்லாவற்றுக்கும் எண்ணெய் மாற்ற 260. நாலு சக்கரக் காடி வாங்குபவர்கள் மறப்பது கடைசி மூன்றைத்தான். என் பின் டிஃபில் இறங்கியது எண்ணெயா, தோட்டத்துச் சேறா என்று சொல்ல முடியவில்லை. தரை ஓட்டைக்குத் துருவை வெட்டி எடுத்து, தகடு வைத்து வெல்டிங் செய்து, அடியில் தார்ப் பூச்சு அடிக்க 200.

கணக்கு நோட்டு

இதுவரை எழுதியதைக் கூட்டினால்:

சூடு (ரேடியேட்டர் வகையறா): 470
டைமிங் பெல்ட், பம்ப், சீல்: 340
பிரேக்: 310
டயர்: 760
புஷ், பூட்: 290
அப்சோர்பர்: 440
எண்ணெய்கள்: 260
பொட்டோங் சாமான்: 205
வெல்டிங்: 200
மொத்தம்: 3,275 வெள்ளி

பட்ஜெட்டைத் தாண்டியது 275. ஊகத்துக்குக் கொடுத்த 180உம், டோ லோரியின் 120உம் தனி. அந்த முந்நூறு வெள்ளியை நான் மீட்டர் இல்லாமல் ஸ்பேனரை எடுத்ததற்கான அபராதம் என்று எழுதி வைத்திருக்கிறேன். காப்பித் தண்ணீரைப் பார்த்த அன்றே ரேடியேட்டரைக் கவனித்திருந்தால் அந்த முந்நூறாவது மிஞ்சியிருக்கும். ஜெஞ்சாரோம் சிக்னலில் அத்தனை லோரிக்காரர்களிடம் ஹார்ன் வாங்கியிருக்கவும் மாட்டேன்.

செய்யாமல் விட்டதையும் சொல்ல வேண்டும். பானெட்டில் பெயிண்ட் தோல் உரிந்த மாதிரி இருக்கிறது. உள்கூரைத் துணி என் தலையைத் தடவுகிறது. ஏர்கோன் காலையில் மட்டும் குளிரும். ரேடியோவுக்கு வாய் இருக்கிறது, ஒரு காதுதான். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட இதை எடுத்தால் மகள் ஒரு வளைவுக்கு முன்னாலேயே இறங்கிக்கொள்கிறாள். அதெல்லாம் நாலாவது வரி.

இன்னொன்று. கணக்குப் போடும்போது 'எஞ்சினையே மாற்றிவிடலாமே' என்று பலர் ஆசை காட்டினார்கள். ஹாஃப் கட்டில் டிவிவிடி எஞ்சின் கிடைக்கும்தான். ஆனால் எஞ்சின் எண் மாறினால் புஸ்பாகோம் சோதனை, ஜேபிஜே பதிவு என்று முறையாக எல்லாம் செய்ய வேண்டும். ஓடுகிற எஞ்சினை எதற்காகக் கழற்ற வேண்டும் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை.

ஜுக்ரா ஏற்றமும் கோயில் மணியும்

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனையும் ஏற்றிக்கொண்டு ஜுக்ரா மலைக்குப் போனேன். நம் பக்கம் எல்லாமே தட்டை நிலம். எஞ்சினைச் சோதிக்க ஏற்றம் என்றால் கலங்கரை விளக்கம் இருக்கிற அந்தக் குன்றுதான். இரண்டாவது கியரில், ஏர்கோன் போட்டு, மத்தியான வெயிலில் ஏறினோம். அண்ணன் ரோட்டையே பார்க்கவில்லை. அவர் கண் சூட்டு ஊசியின் மேல். ஊசி பாதிக்குக் கொஞ்சம் கீழே போய் உட்கார்ந்தது, உச்சி வரை அசையவில்லை. இறங்கும்போது பிரேக்கை நாலைந்து தடவை வேண்டுமென்றே அழுத்தச் சொன்னார். பெடல் கல் மாதிரி நின்றது.

"சரி, அம்மாவ கூட்டிட்டுப் போ," என்றார். கூலி பாக்கி நாற்பது வெள்ளியை அவர் வாங்கவில்லை. கோயில் உண்டியலில் போடச் சொன்னார்.

ஆடித் திருவிழாவுக்கு முதல் நாள் ராத்திரி முழுக்க மழை. போன தடவை மைவி உட்கார்ந்த அதே இடத்தில் ஒரு புது வேன் சிக்கி நின்றது. நடு டிஃப் லாக் பொத்தானை அழுத்தி, முதல் கியரில், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் மெல்ல விட்டேன். பின்பக்கம் ஒரு முறை வழுக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. தாண்டியதும் நிறுத்தி, கயிற்றைக் கட்டி அந்த வேனையும் இழுத்துவிட்டோம். அம்மா இரண்டு காலிலும் செருப்போடு இறங்கினார். காடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பும்போது மட்டும், "கூரைத் துணிய நான் தச்சுக் குடுக்கறேன்" என்றார்.

இப்போது மீட்டர் 321,000ஐத் தாண்டிவிட்டது. 20 வருஷத்துக்கு மேலான தேசியக் காடிகளைக் கழித்துப் புதுசு வாங்குபவர்களுக்கு 2026 பட்ஜெட்டில் மானியம் என்று அறிவித்ததும் ஆபீசில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். மானியம் கிடைத்தாலும் மிச்சத்துக்குக் கடன் எழுத வேண்டுமே. கெம்பாராவுக்கு மாதத் தவணை இல்லை. மாதத்துக்கு ஒரு நாள் அடியில் படுத்துப் பார்க்கிற வேலை மட்டும்தான்.

நீங்களும் வீட்டு முன்னால் ஒரு பழைய காடியை வைத்துக்கொண்டு, பெயிண்ட் அடிக்கலாமா, ரிம் மாற்றலாமா என்று யோசிப்பவராக இருந்தால் ஒன்று செய்யுங்கள். வரும் ஞாயிறு காலையில், ராத்திரி முழுக்க நின்று எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் கை வைக்காதீர்கள், முகம் வெந்துபோகும். பச்சையோ சிவப்போ தெளிவாக இருந்தால் நல்லது. காப்பி நிறத்தில் இருந்தால், பெயிண்டுக்கு ஒதுக்கிய காசை முதலில் அங்கே போடுங்கள்.